கல்லடியான்களுக்கு அச்சம் பழக்கிய அக்காவுக்கு

சிற்றோடைச் சிற்றுயிருக்குச் செவிலித்தாயாய் நின்ற செம்மனச் செல்வியே! கல்லுக்கடியில் கண்ணயரும் கடுகளவு உயிருக்கும் காவல் நின்ற கருணைக் கடலே! தொட்டி தேய்த்தே கை சிவந்தவரே! வலை அலசியே விரல் வெளுத்தவரே! வடிகுழாயில் வாய்வைத்து உறிஞ்சி உறிஞ்சி, தொட்டித் தண்ணீரின் ருசியை எங்கள் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவரே! இன்று பணி நிறைவெய்தி இல்லம் ஏகும் எங்கள் ஏந்திழையே! நன்னீர் மீன் வளர்ப்பு நிலையத்தின் பணியாளர்கள் நாங்கள், நா தழுதழுக்க, நெஞ்சு நெகிழ, நின் திருமுன் நின்று வாசிக்கும் வாழ்த்து மடல் இது.

'ஏந்திழை' என்ற இடத்திலேயே உங்கள் முகம் சுளித்திருக்கும் என்பது எழுதும்போதே தெரிந்தது. உங்களை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவதாகப் போன வாரமே எங்களை எச்சரித்தீர்கள். சொன்னால் செய்கிற ஆள் நீங்கள். ஆகையால் ஒரு தந்திரம் செய்திருக்கிறோம். இனி இம்மடலில் 'நீங்கள்' கிடையாது. இந்த நிலையத்தில் ஒரு அக்கா இருந்தார். அவர் கதையைச் சொல்கிறோம். அவர் யாரோ, எவரோ. நீங்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கேட்கலாம். எழுந்து போக உங்களுக்கு ஒரு நியாயமும் இல்லை.

அந்த அக்காவைச் சொல்லுமுன் கல்லடியானைச் சொல்லியாக வேண்டும். இந்த அரங்கத்தில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. சுண்டுவிரலில் பாதி நீளம். முதுகு கூழாங்கல் நிறம், வயிறு மணல் நிறம், கண்ணின் குறுக்கே மை இழுத்தாற்போல் ஒரு கோடு. அவ்வளவுதான் அதன் அழகு. ஆனால் அதன் பிடிவாதம் இருக்கிறதே, அது திமிங்கிலத்துக்குக்கூட வராது. தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், விரைந்தோட வேண்டும், கலங்கக் கூடாது. தேங்கினால் அதற்கு மூச்சு முட்டும். வண்டல் படிந்தால், தட்டைக் கல்லின் அடிப்பக்கத்தில் அது ஒட்டிவைத்த முட்டைகள் புழுங்கிச் சாகும். கரையில் மரம் வேண்டும். மரம் இல்லாவிட்டால் நிழல் இல்லை, தண்ணீர் சுடும். மரம் உதிர்க்கும் இலை இல்லாவிட்டால் அதை அரித்துத் தின்னும் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் கல்லடியானுக்குச் சாப்பாடு இல்லை. இத்தனை நிபந்தனை போடுகிற குடித்தனக்காரருக்கு நம்மில் யாரும் வீடு வாடகைக்குத் தரமாட்டோம். ஓர் ஓடை தந்தது. உலகத்தில் அந்த ஒரே ஓடைதான் தந்தது.

அந்த ஓடையில் கட்டடங்களுக்கென்று கல் அள்ளினார்கள். லாரி இறங்க வழி வேண்டுமென்று கரை மரங்களை வெட்டினார்கள். கல்லும் போய், நிழலும் போய், கடைசியில் மிஞ்சிய மீன்களை ஒரே வாளியில் அடக்கிக் கொண்டுவந்து இங்கே சிமெண்டுத் தொட்டியில் விட்டார்கள். ஓர் இனம் முழுவதும் ஒரு வாளிக்குள் இருந்தது. அந்த வாளியை வண்டியில் மடியில் வைத்து, தளும்பாமல் பிடித்துக்கொண்டு வந்தவர் அக்கா. அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. வாளியின் விளிம்பு பதிந்த தழும்பு தொடையில் பல நாள் இருந்ததாம். சொன்னவர் அவர் வீட்டுக்காரர்.

தொட்டியில் விட்டதும் ஒரு தொல்லை. பெயருக்கேற்றாற்போல் அவை கல்லுக்கடியில் போய்ப் புகுந்துகொண்டன. இருக்கிறதா, செத்ததா, நோய் கண்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கல்லைப் புரட்டிப் பார்த்தால் அந்த அதிர்ச்சியிலேயே இரண்டு சாகும். நிலையத் தலைவர் தலையைப் பிய்த்துக்கொண்டார். அப்போதுதான் அக்கா அந்த வழியைக் கண்டுபிடித்தார். இரை போடுமுன் கைவிரல் மோதிரத்தால் தொட்டி விளிம்பில் இரண்டு தட்டு. பிறகு குனிந்து, தன் நிழல் தண்ணீரில் விழும்படி நின்று, புழுவைத் தூவுவார். சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு தட்டியவுடன் எல்லாம் மேலே வந்து, வாயை ஆவென்று தூக்கிக்கொண்டு அவர் நிழலுக்குள் நின்றன. தினமும் காலையில் வருகைப் பதிவு மாதிரி. துடுப்பு சுருங்கியதை, வயிறு ஊதியதை அப்போதே பிரித்தெடுத்து வைத்தியம் பார்ப்பார். மிச்சமிருந்த இனம் பிழைத்ததும் பெருகியதும் அந்த இரண்டு தட்டால்தான். இதை யாரும் மறுக்க முடியாது.

அது மட்டுமா? பார்க்க வந்தவர்களெல்லாம் சொக்கிப்போனார்கள். தலைவர் யாரை அழைத்து வந்தாலும் முதலில் அக்காவின் தொட்டிக்குத்தான் கூட்டிப்போவார். அக்கா தட்டுவார், மீன் வரும், நாங்கள் கைதட்டுவோம். தையற்கடை வைத்திருக்கும் அவர் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, வீட்டில் தான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதவளுக்கு இங்கே இவ்வளவு கீழ்ப்படிதலா என்று அங்கலாய்த்தார். அக்கா மீன்களைப் பார்த்தபடியே, தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், வருகிறேனா பார்ப்போம் என்று பதில் சொன்னார். அந்த நாட்களில் அக்கா நிறையச் சிரிப்பார்.

கல் அள்ளுவது ஒருவழியாக நின்றது. கரையில் நட்ட கன்றுகள் மரமாகி, கிளைகள் தண்ணீருக்கு மேலே கைகோத்துக்கொண்டன. தட்டைக் கற்களைக் கொண்டுபோய் நாங்களே ஓடையில் பரப்பினோம். பைக்குள் குப்பிகளை அடுக்கிக்கொண்டு திரிவதால் நாங்கள் 'குப்பி' என்று கூப்பிடுகிற தண்ணீர்ச் சோதனைத் தம்பி, தண்ணீர் அருமை என்று சொல்லிவிட்டார். அக்கா தன் மீன்களில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி ஓடையில் விட்டார். மறுநாள் காலை மனம் கேட்காமல் போய்க் கரையில் குந்தி, கல்லோடு கல்லை இரண்டு தட்டு தட்டினார். ஓடைத் தண்ணீரில் அவர் நிழலைத் தேடி அத்தனையும் மேலே வந்தன. புதுவீட்டுக்குப் போயும் அம்மாவை மறக்கவில்லை என்று நாங்கள் பூரித்துப்போனோம். அப்போது எடுத்த படம் தலைவர் அறையில் வெகுநாள் தொங்கியது.

ஒரு மாதத்தில் ஓடையில் ஒன்றுகூட இல்லை.

தண்ணீரைச் சந்தேகப்பட்டோம். குப்பித் தம்பி சோதித்துச் சோதித்து ஓய்ந்தார். தண்ணீரில் குறை இல்லை. நோயோ என்று பார்த்தோம், செத்த மீன் ஒன்றாவது கிடைத்தால்தானே? அடுத்த ஆண்டு மறுபடி விட்டோம். மறுபடி துடைத்து எடுத்தாற்போல் போயிற்று. அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விடுகிற நேரம் சரியில்லை, வாளித் தண்ணீருக்கும் ஓடைக்கும் சூடு ஒத்துப்போகவில்லை, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று தினம் ஒரு காரணம் சொல்லித் தன்னையே திட்டிக்கொள்வார். உண்மைக் காரணம் மட்டும் அவருக்கும் தோன்றவில்லை, எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் முறை விட்டபோது குப்பித் தம்பி இலைதழைகளால் ஒரு மறைவு கட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்தார். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு சாம்பல் நாரை வந்து, கரையிலிருந்து தண்ணீருக்குள் காலை வைத்தது. அந்த அதிர்வு பட்டால் எந்த ஓடை மீனும் கிடைத்த இடுக்கில் பாய்ந்து ஒளியும். எங்கள் கல்லடியான்கள் வெளியே வந்தன. கல்லுக்கடியிலிருந்து, வேர்ச் சந்திலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்து, நாரையின் நிழலுக்குள் வாயைத் தூக்கிக்கொண்டு நின்றன. நாரைக்குக் குறி பார்க்கும் வேலையே இல்லை. குனிந்து குனிந்து பொறுக்கிற்று.

குப்பித் தம்பி மறைவைப் பிய்த்துக்கொண்டு கத்தியபடி ஓடிவந்து விரட்டினார். நாரை பறந்துபோனது. மீன்கள் இப்போது தம்பியின் காலடிக்கு வந்தன.

இதை அக்காவிடம் யார் சொல்வது? தலைவர் தள்ளிப்போட்டார். நாங்கள் ஆளுக்கொரு வேலையைப் பார்த்துக்கொண்டு நழுவினோம். கடைசியில் பார்த்தவர்தானே சொல்ல வேண்டும் என்று தம்பியே போய்ச் சொன்னார். அக்கா அப்போது குழாயடியில் வலை அலசிக்கொண்டிருந்தார். தம்பி தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, பாவம், அதுகளுக்கு நாரை எதுவென்று தெரியவில்லை என்று ஆறுதல்போல ஒரு வார்த்தை சேர்த்தார். அக்கா குழாயை நிறுத்தினார்.

"நாரைன்னு தெரியாம வரல தம்பி. நான்னு நினைச்சு வந்திருக்குங்க."

வலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். சில நாள் வரவில்லை. தலைவர் நேரில் போய், அது யாருக்கும் தோன்றாத விஷயம், நாங்கள் எல்லாரும்தான் கைதட்டினோம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். அக்கா காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த வீட்டில் தையல் இயந்திரத்தின் சத்தம்கூட அந்நாட்களில் கேட்கவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

திரும்பி வந்த அன்று நேரே தலைவர் அறைக்குப் போனார். சுவரில் தொங்கிய படத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு தனக்குத் தனியாக ஓர் அறையும், வெளிச்சம் புகாத திரைத்துணியும் கேட்டார். எதற்கு என்று தலைவர் கேட்டார்.

"இனிமே பொறக்குற குஞ்சுங்க என்னைப் பார்த்தா ஓடணும் சார். அதை நானே செய்யறேன்."

தலைவர் சம்மதிக்கவில்லை. அன்பாய் வளர்த்தவரைக் கொண்டு இந்த வேலையைச் செய்யவைக்க அவருக்கு மனம் வரவில்லை. வேறு ஆளை விடலாம் என்றார். எங்களில் இரண்டு பேர் முயன்றும் பார்த்தோம். நாங்கள் பயமுறுத்தியதில் குஞ்சுகள் முதல் நாள் ஓடின, இரண்டாம் நாள் யோசித்தன, மூன்றாம் நாள் எங்களை மதிக்கவே இல்லை. மீன் உண்மையில் பயந்ததா, பயந்தாற்போல் ஒதுங்கியதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். வேறு வழி இல்லாமல் போயிற்று.

முட்டை ஒட்டிய தட்டைக் கற்களை அந்த அறைக்கு மாற்றினார்கள். குஞ்சுகளுக்கு இரை திரைக்குப் பின்னாலிருந்து குழாய் வழியாக, யார் கை என்று தெரியாமல் போகும். வீட்டுக்காரர் சாம்பல் துணியில் ஒரு நாரை தைத்துத் தந்தார். இத்தனை வருஷத் தொழிலில் கழுத்தளவு இவ்வளவு நீளமாய் எடுத்ததில்லை என்று சிரிக்கவைக்கப் பார்த்தார், அக்கா சிரிக்கவில்லை. அந்தத் துணி நாரையைக் கோலில் கோத்து எடுத்துக்கொண்டு, முன்னறிவிப்பில்லாமல் ஏதாவது ஒரு வேளையில் அறைக்குள் போவார். விளிம்பில் இரண்டு தட்டு. பிறகு நிழல். பிறகு கோல் 'சரேல்' என்று தண்ணீருக்குள் இறங்கும். ஒளியத் தாமதித்த குஞ்சை வலையில் அள்ளி, ஒரு கணம் தண்ணீருக்கு வெளியே துடிக்கவைத்து, திரும்ப விடுவார். எந்தத் தட்டுக்குப் பழைய மீன்கள் தாயென்று வந்தனவோ, அதே தட்டுக்கு இவை கூற்றுவன் வந்தான் என்று ஓட வேண்டும். வெளியே வந்ததும் குழாயடியில் நின்று வெகுநேரம் கை கழுவுவார். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

அடுத்த அறையில் பழைய தொட்டி இருந்தது. ஓடைக்கு அனுப்பாமல் மிஞ்சிய வளர்ப்பு மீன்கள் அதில் இருந்தன. கை கழுவிவிட்டு அக்கா அங்கே போவார். அதே மோதிரம், அதே தட்டு. அவை வரும். சுவருக்கு இந்தப் பக்கம் அவரைக் கண்டு ஓடிய பிள்ளைகளின் தாய் தகப்பன்கள், அந்தப் பக்கம் அவர் நிழலுக்குள் வந்து வாயைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இது எத்தனை கொடுமை என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, அக்கா.

கல்லடியானுக்கு ஆயுசு குறைவு. மூன்றாம் ஆண்டைப் பார்ப்பது பெரிது. பழைய தொட்டியில் ஒவ்வொன்றாய்க் கழிந்தன. கடைசியில் ஒரு கிழட்டுப் பெண் மீன் மட்டும் மிஞ்சி, துடுப்பு அரித்துப்போய், தட்டினால் சாய்ந்து சாய்ந்து மேலே வரும். அதுவும் ஒருநாள் வரவில்லை. அக்கா தொட்டியை வடித்து, தேய்த்து, வெயிலில் காயவைத்தார். அன்றும் பக்கத்து அறைக்குக் கோலை எடுத்துக்கொண்டு போகத் தவறவில்லை.

பயந்து வளர்ந்த குஞ்சுகளை ஓடையில் விட்டபோது அக்கா உடன் வரவில்லை. அதன்பின் குப்பித் தம்பி வாராவாரம் ஓடைக்குப் போய்வருவார். அக்கா வாசலிலேயே காத்திருப்பார். ஒன்றும் தெரியவில்லை என்பார் தம்பி. முன்னே இதே சொல் எங்களுக்குச் சாவுச் செய்தியாய் இருந்தது. இப்போது அது சாவா, ஒளிவா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அக்காவுக்குப் பணி ஓய்வுக் கடிதம் வந்தது. நான் செய்தது சரியா, இருந்தவற்றையும் வதைத்து அனுப்பிக் கொன்றேனா என்று தெரியாமலே வீட்டுக்குப் போக வேண்டியிருக்குமோ என்பது ஒன்றே அவருடைய கவலை. அதை அவர் ஒரே ஒருமுறை வீட்டுக்காரரிடம் சொன்னார்; அவர் எங்களிடம் சொன்னார்.

போன வாரம் தம்பி ஓடையிலிருந்து ஓடிவந்தார். எதையும் விளக்காமல் அக்காவை வண்டியில் ஏற்றினார். தலைவரும் வீட்டுக்காரரும் தொற்றிக்கொண்டார்கள். கரையில் அக்கா நின்றபோது ஓடையில் கல்லும் தண்ணீரும் தவிர எதுவும் தெரியவில்லை. தம்பி ஒரு தட்டைக் கல்லைக் காட்டி, அடியில் கண்ணாடி வைத்த பார்வைப் பெட்டியைக் கையில் கொடுத்தார். அக்கா முட்டிவலியோடு மண்டியிட்டுப் பார்த்தார். கல்லின் அடிப்பக்கத்தில் முட்டைகள், மணி மணியாய். அருகில் ஓர் ஆண் மீன், துடுப்போரம் செம்மஞ்சளாய்ச் சிவந்து, தலைகீழாய் நின்று முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது. கல்லடியானின் ஆண், முட்டை பொரிக்கும்வரை வேறெங்கும் போகாது, எதையும் தின்னாது; விசிறுவதை நிறுத்தினால் முட்டைக்கு மூச்சு இல்லை.

அக்காவின் நிழல் விழுந்ததும் அதன் நிறம் பயத்தில் வெளுத்தது. ஓடவேண்டும் என்று அதன் உடம்பெல்லாம் துடித்தது. கல்லை விட்டு மட்டும் நகரவில்லை. அக்கா தன்னை அறியாமல் ஒரு விரலைத் தண்ணீரில் விட்டார். அது பாய்ந்து வந்து விரல் நுனியைக் கடித்துவிட்டு, கல்லுக்கே திரும்பி நின்றது.

"கடிக்குது தம்பி. என்னை யாரோன்னு கடிக்குது."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. இரண்டும்தான். அக்கா ஓடையில் நின்ற நேரம் அவ்வளவே. தலைவர் ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்து, எல்லாரையும் கரையிலிருந்து பின்னுக்குத் தள்ளினார்.

"வாங்க, போயிடலாம். நாம நிக்கிற வரைக்கும் அது விசிறாது."

வண்டியில் வீடு போய்ச் சேரும்வரை, கடிபட்ட விரலை மறு கைக்குள் பொத்தி வைத்திருந்தார். மறுநாள் தம்பி மறுபடி அழைத்தார். அக்கா வர மறுத்துவிட்டார்.

கதை முடிந்தது, அக்கா. இனி 'நீங்கள்' என்று சொல்லலாம், எழுந்து போக உங்களுக்கு நேரமும் இல்லை. இத்தகைய மடல்களில், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், உங்கள் உயிர்கள் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று எழுதுவது முறை. எங்களால் அதை எழுத முடியவில்லை. உங்களைத் தேடி வருகிற கல்லடியான் இந்த உலகத்தில் இன்று ஒன்றுகூட இல்லை. அப்படி இல்லாமல் செய்தவர் நீங்களே. அதற்காகத்தான் நன்றி சொல்கிறோம். சொல்லும்போதே எங்களுக்கு வலிக்கிறது. உங்களிடமிருந்து எடுத்ததை எந்தப் பொன்னாடையாலும் நாங்கள் திருப்பித்தர முடியாது.

முட்டிவலி தணிந்து, கண்ணொளி குன்றாமல், காலம் நெடிது வாழ்க! இத்தனை ஆண்டு உங்களைத் தொட்டிக்கு விட்டுக்கொடுத்த அந்தத் தையற்கார அண்ணன், இனியாவது கூப்பிட்டால் நீங்கள் திரும்பிப் பார்க்கும் பாக்கியம் பெறுக! குளிர்நீரும் நிழலும் குறையாத ஓடைபோல் உங்கள் இல்லம் தழைக்க!

நீங்கள் ஓடைக்கு வரமாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். உங்களுக்குப் பதில் நாங்கள் போவோம். முட்டைப் பருவம்தோறும் தம்பி போய்க் கரையில் தன் நிழல் தண்ணீரில் விழ நின்று பார்த்துவிட்டு உங்களுக்குத் தொலைபேசியில் அழைப்பார். போனேன் அக்கா, நல்லாப் பார்த்தேன், ஒண்ணுமே கண்ணுல படல என்று சொல்வார். அன்று நீங்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

இங்ஙனம்,
உங்களை இனித் தினமும் பார்க்கக் கொடுத்துவைக்காத
நன்னீர் மீன் வளர்ப்பு நிலையப் பணியாளர்கள்